தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை



சென்ற இதழில் மாடித் தோட்டம் பற்றி எழுதியவரின் கட்டுரையைப் படித்த பிறகு, இந்த இதழுக்கு நீங்களும் ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டார். எனக்குத் தோட்டம் தெரியாது. தெரிந்ததெல்லாம் வங்கிக் கவுன்டர்தான். அங்கே பல வருடங்கள் என் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த ஒரு பெயரைப் பற்றிச் சொல்கிறேன். இது ஜூலை மாத இதழ் என்பதால் பொருத்தமாகவும் இருக்கும். அந்த அம்மையார் பிறந்ததும் ஜூலையில்தான், மறைந்ததும் ஜூலையில்தான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெயரைக் கேட்டதும் உங்களில் பலருக்கு மகப்பேறு உதவித் திட்டம் நினைவுக்கு வரும். ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு அரசு தரும் பணம் அது. 2006இல் 6,000 ரூபாய் ஆனது. 2011இல் 12,000 ஆனது. 2018 முதல் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு. பணம் பெண்ணின் பெயரில்தான் வரும். காசோலையாக வந்த நாட்களில் அதை மாற்ற அவர் பெயரில் ஒரு கணக்கு வேண்டும். அரியலூரிலும் பெரம்பலூரிலும் நான் வேலை பார்த்த கிளைகளில், வாழ்க்கையில் முதல் தடவையாக வங்கிப் படியேறிய பெண்களில் பலர் அந்தக் காசோலையோடு வந்தவர்கள்தான். கையில் குழந்தை, பக்கத்தில் மாமியார், பின்னால் கணவர்.

கணக்குத் தொடங்கும் படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பிக் கொடுப்பது பெரும்பாலும் நாங்கள்தான். பெண் என்றால் கேட்காமலே இல்லத்தரசி என்று எழுதிவிடுவேன். ஒருநாள் ஒரு பெண், என்ன சார் எழுதினீங்க என்று கேட்டார். சொன்னேன். காலையிலிருந்து பருத்தி எடுக்கிறேன், வெங்காயத்துக்குத் தாள் அறுக்கப் போகிறேன், கூலி வாங்குகிறேன், அது தொழில் இல்லையா என்றார். பின்னால் வரிசை நீண்டு நின்றது. இதெல்லாம் ஒன்றும் ஆகாது, கையெழுத்துப் போடும்மா என்றேன். போட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு அது எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, காசோலைகளில் அச்சிட்டு வந்த அந்தப் பெயருக்கு உரியவரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் அந்தக் கட்டம் மறுபடி கண் முன் வந்தது. இனி அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

புதுக்கோட்டையில் ஒரு பெண்

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த இசை வேளாளர் மரபில் வந்தவர். இந்தத் திருமணத்தால் தந்தையை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். ஆகவே பெண் எப்படி இருக்க வேண்டும், எந்தப் பெண்ணுக்கு எந்த இடம் என்று ஊர் போட்டுவைத்த கோடுகளை முத்துலட்சுமி வீட்டுக்குள்ளேயே பார்த்து வளர்ந்தார்.

அந்தக் காலத்தில் பெண்ணுக்குப் படிப்பு என்றால் பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்தால் போதும். வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்திவிடுவார்கள். இவருக்கும் நிறுத்தினார்கள். ஆனால் தந்தை வீட்டிலேயே படிக்க ஏற்பாடு செய்தார். தாய்க்கோ மகளுக்கு நல்ல மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்ற கவலை. தாயைக் குறை சொல்ல முடியாது. அவர் வந்த மரபில் ஒரு பெண்ணுக்கு முறையான கல்யாணம் என்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று அவருக்குத்தான் தெரியும்.

மெட்ரிகுலேஷன் தேறிய முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். கல்லூரியிலும் எதிர்ப்பு, பையன்களைப் பெற்றவர்களிடமும் எதிர்ப்பு. ஒரு காரணம் அவர் பெண் என்பது. இன்னொரு காரணம் தாயின் பிறப்பு. கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு, உதவித்தொகையும் கொடுத்துச் சேர்க்கச் சொன்னார். அது 1904.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்த முதல் பெண் இவர்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1875லேயே மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அங்கே மருத்துவம் படிக்கச் சேர்ந்திருக்கிறார். ஆனாலும் ஒரு சமஸ்தானத்துச் சிற்றூரிலிருந்து, உறவு வட்டமே ஒதுக்கிய குடும்பத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் அங்கே போய் 1912இல் பதக்கங்களோடு பட்டம் வாங்கி, சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகவும் ஆனது சாதாரணமில்லை.

கல்யாணத்துக்கு ஒரு நிபந்தனை

இப்போது நான் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன்.

படிப்பு முடிந்தும் அவர் கல்யாணத்துக்கு உடனே இணங்கவில்லை. கல்யாணம் ஆனால் டாக்டர் வேலை என்ன ஆகும் என்ற பயம். அந்தப் பயம் வீண் என்று யாராவது சொல்ல முடியுமா? 1914 ஏப்ரலில், 28ஆவது வயதில், டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். அந்தக் காலத்தில் பெண்ணுக்கு அந்த வயது என்பதே பேச்சுக்கு இடமான விஷயம். வேறு சாதி. சடங்குக் கல்யாணமும் இல்லை, 1872ஆம் வருடத்துத் திருமணச் சட்டப்படி நடந்தது. அதற்கும் மேலாக அவர் ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். பிரசவம், பால்குடி, தூக்கமில்லாத இரவு எல்லாம் அவருக்கும் இருந்தன. மருத்துவத் தொழிலும் நடந்தது. 1925இல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றி மேற்படிப்புக்காக இங்கிலாந்து போகும் வாய்ப்பு வந்தபோது கணவரும் பிள்ளைகளும் கூடவே கப்பல் ஏறினார்கள். ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மனைவியின் படிப்புக்காகக் கணவர் ஊர் மாறிப் போன குடும்பம், இன்றைக்கும் நம் நான்கு பிளாக்கில் எத்தனை இருக்கும்?

சட்டசபையும் தேவதாசி ஒழிப்பும்

1926இல் பெண்களும் சென்னை சட்டசபையில் உறுப்பினராகலாம் என்று வழி திறந்தது. இந்திய மாதர் சங்கம் இவர் பெயரை முன்வைத்தது. நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலை விட வேண்டுமே என்று முதலில் தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் ஆனார். சபையின் துணைத் தலைவராகவும் அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அங்கே அவர் எடுத்துக்கொண்டவை எல்லாம் வீட்டுக்குள்ளே நடப்பவை என்று ஆண்கள் ஒதுக்கி வைத்த விஷயங்கள்தாம். சிறுமிகளுக்குக் கல்யாணம் செய்வது, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களை விற்கும் விடுதிகள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவது. 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். 14 என்றால் இன்று நமக்குத் தூக்கிவாரிப் போடும். அன்று அதற்கே பெரிய எதிர்ப்பு. இவர் பெயரில் உள்ள மகப்பேறு உதவிக்கு இன்று தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தேதியைச் சரிபார்க்கும்போதெல்லாம் அவருடைய பழைய சண்டைதான் நடக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

தேவதாசி முறையை ஒழிக்க 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. கோயில் பணிக்காகப் பெண்களுக்குக் கொடுத்திருந்த மானிய நிலங்களை, அந்தப் பணி செய்யாமலே அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது. பிறகு பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதா. அது முழுச் சட்டமாக வருவதற்கு 1947 வரை ஆனது.

இதில் மறுபக்கமும் உண்டு. அந்த மரபுப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் இந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். சங்கீதமும் நாட்டியமும் தங்கள் தொழில், சொத்து தங்கள் பெயரில் இருக்கிறது, மகளுக்குப் போகிறது, எங்களை ஒட்டுமொத்தமாக இழிந்தவர்கள் என்று சொல்லாதீர்கள் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். அன்றைக்குக் கல்யாணம் ஆன குடும்பப் பெண்ணுக்குச் சொத்துரிமை அநேகமாக இல்லை என்பதை நினைத்தால் அந்த வாதத்தின் கனம் புரியும். அதே மரபில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ, இந்த முறை ஒழிய வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். முத்துலட்சுமியும் அப்படித்தான் நினைத்தார். விவரம் தெரியும் முன்பே ஒரு சிறுமியின் வாழ்க்கையைப் பெரியவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார். அந்தக் காலத்தில்தான் பொட்டுக்கட்டும் குடும்பத்திலிருந்து தப்பி வந்த சிறுமிகளை எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ள மறுத்தது. சட்டம் பேசியவர் வீட்டுக் கதவைத்தான் அவர்கள் தட்டினார்கள். தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லமாக வளர்ந்தது. அடையாறில் இன்றும் இருக்கிறது.

தங்கை விட்டுச்சென்ற வேலை

1923இல் அவருடைய தங்கை ஒருவர் புற்றுநோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்ற வருத்தம் அவரை விடவில்லை. தமிழ்நாட்டில் அந்த நோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று முயன்றார். கேட்டவுடன் கிடைக்கவில்லை. மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார்கள். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு வயது 67. அதாவது, எனக்கு இப்போது இருக்கும் வயதுக்கும் கொஞ்சம் மேலே.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955இல் டாக்டர் சாந்தா என்ற இளம் பெண் வந்து சேர்ந்தார். 2021இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்தும் எத்தனையோ பேர் அடையாறு போய் வந்திருப்பார்கள். உங்கள் குடும்பத்திலும் யாராவது இருக்கலாம்.

1956இல் பத்மபூஷண் விருது வந்தது. 1968 ஜூலை 22 அன்று, 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கும்போது, காலமானார்.

எனக்குத் தோன்றியது

இந்த வாழ்க்கையை ஒரு பேரேடு மாதிரி புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கையெழுத்து இருக்கிறது. பள்ளி நின்றபோது தந்தை சம்மதித்தார். கல்லூரி மறுத்தபோது மன்னர் சம்மதித்தார். கல்யாணத்தில் கணவர் சம்மதித்தார். மூவருமே நல்லவர்களாக அமைந்தார்கள். அவர்களில் ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? திறமை அத்தனையும் பால் கணக்கோடு நின்றிருக்கும். அப்படி நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் புத்தகத்திலும் பதிவு இல்லை.

அம்மையாருக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் தனக்குக் கிடைத்த நல்ல மனிதர்களை நம்பி மட்டும் இருக்காமல் சட்டம், விடுதி, மருத்துவமனை என்று போனார். அப்பா நல்லவரா, கணவர் நல்லவரா என்று பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் அல்லவா?

நான் பி.காம். படித்த காலத்தில் தேசிய வருமானம் பற்றிய பாடத்தில் ஒரு உதாரணம் உண்டு. ஒருவர் தன் வீட்டுச் சமையல்காரியையே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். வேலை அதேதான், சம்பளம் இல்லை என்பதால் கணக்கில் வராது. வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். பிறகு நானும் அப்படி ஒரு கணக்குத்தான் எழுதினேன்.

அரியலூரில் இருந்தபோது என் மனைவி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்குப் பெரம்பலூருக்கு மாற்றல் வந்தது. குடும்பத்தோடு வந்துவிட்டோம். அவர் வேலையை விட்டார். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். நான் தினமும் பஸ்ஸில் போய் வந்திருக்கலாம். அல்லது அவர் போய் வந்திருக்கலாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பேச்சே எழவில்லை, அவ்வளவுதான். பிறகு எங்கள் வீட்டு ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அவர் இல்லத்தரசி ஆனார். மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் டியூஷன் எடுத்தார். அந்தப் பணத்தில்தான் எங்கள் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தில் பாதி போனது. அப்போதும் அந்தக் கட்டத்தை நான் மாற்றி எழுதவில்லை.

முத்துலட்சுமி அம்மையார் கல்யாணத்துக்கு வைத்த நிபந்தனையைப் படித்த அன்று மனைவியிடம் கேட்டேன், அன்றைக்கு வேலையை விட்டது வருத்தமா என்று. வேலை போனதுகூடப் பெரிதில்லை, யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் என்றார். இதை எழுதட்டுமா என்றும் கேட்டேன். தியாகம் என்று மட்டும் எழுதாதீர்கள் என்றார். எழுதவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் குடியிருப்போர் பதிவேட்டைப் புதுப்பிக்கப் போகிறார்கள். வீடு வீடாகப் படிவம் வரும். அதில் குடும்பத் தலைவர் என்று ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது. இருவர் பெயரையும் எழுத இடம் விட வேண்டும் என்று பொதுக்குழுவில் கேட்கப் போகிறேன். நீங்களும் கை தூக்குங்கள். தொழில் என்ற கட்டம் வந்தால் பேனாவை எடுத்ததும் நிரப்பிவிடாதீர்கள். அடுப்படியிலிருந்து அவர்களைக் கூப்பிட்டு, என்ன எழுதட்டும் என்று கேளுங்கள். இல்லத்தரசி என்றே அவர்கள் சொன்னால் அதையே எழுதுங்கள், அதுவும் வேலைதான். கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பருத்திக் காட்டிலிருந்து வந்த அந்தப் பெண்ணின் படிவத்தை இனி நான் திருத்த முடியாது. எங்கள் வீட்டுப் படிவத்தையாவது சரியாக எழுதுகிறேன். கணித ஆசிரியை என்று எழுதச் சொல்லியிருக்கிறார்.